மெஷின் சொன்னா அது டோஸ் ஆயிடுமா? – வாசகர் கேள்வி பதில்

போன மாசம் பல் எக்ஸ்ரே பத்தி ஒரு சின்ன கேள்விக்குப் பதில் எழுதினேன், அவ்வளவுதான், மெயில் நிரம்பி வழியுது. பாதிக்கு மேல பெங்களூர் லேப் பசங்க, ஜக்கூர், ஹெப்பால், மல்லேஸ்வரம்னு எலிக்கும் செல்லுக்கும் விதைக்கும் எக்ஸ்ரே குடுக்குறவங்க. நான் ரிட்டயர் ஆகுற வரைக்கும் பார்த்த வேலையே டோஸ், அதாவது உடம்புக்குள்ள போய்ச் சேர்ற கதிரோட அளவை, அளக்குறதுதான், அதனால இந்த மாசம் முழுக்க அதுவே போகட்டும். சோலார் வாட்டர் ஹீட்டர் பத்தி கேட்டவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த மாசம் கண்டிப்பா.

கேள்வி: சார், பிஎச்டி மூணாவது வருஷம். எங்க லேப்ல 160 கிலோவோல்ட் எக்ஸ்ரே கேபினட் இருக்கு. பிளாக்-6ங்கற ரக எலிக்கு 8 கிரே (கிரேங்கறது டோஸோட அலகு) குடுத்தேன், முதல் பேட்ச்ல பாதி செத்துச்சு, ரெண்டாவது பேட்ச்ல ஒண்ணு கூட சாகல. ஸ்கிரீன்ல ரெண்டு தடவையும் 8.00னுதான் காட்டுச்சு. கைடு என்னைத்தான் சந்தேகப்படுறார். – பெயர் வேண்டாம், ஜக்கூர்

தம்பி, அந்த 8.00 யார் சொன்னது? மெஷின். மெஷினுக்கு யார் சொன்னது? அதை வந்து மாட்டிக் குடுத்த இன்ஜினியர் ஒரு நாள், ஒரு தட்டுல, ஒரு ஃபில்டர் போட்டு, நட்டநடு சென்டர்ல கதிரை அளக்குற ஒரு சேம்பர் வெச்சு அளந்துட்டு, நிமிஷத்துக்கு இவ்வளவு கிரேன்னு ஒரு நம்பரை உள்ள போட்டுட்டுப் போயிருப்பார். அப்புறம் மெஷின் செய்யறதெல்லாம் அந்த நம்பரையும் நேரத்தையும் பெருக்குற கணக்குதான். ஆட்டோ மீட்டர் சக்கரம் சுத்துறதைத்தான் எண்ணும், நீ மெஜஸ்டிக் போய்ச் சேர்ந்தியா கே.ஆர். மார்க்கெட் போய்ச் சேர்ந்தியான்னு அதுக்கு என்ன தெரியும். சில கேபினட்ல உள்ளயே ஒரு மானிட்டர் சேம்பர் இருக்கும், அது கொஞ்சம் தேவல, ஆனா அதுவும் அது இருக்குற இடத்து கதிரைத்தான் எண்ணும், உன் எலி வயித்துக்குள்ள போனதை இல்ல.

நான் உன் லேப்புக்கு வந்தா முதல்ல தட்டைப் பார்ப்பேன். இந்த கேபினட் எல்லாத்துலயும் தட்டு சொருக நாலஞ்சு காடி இருக்கும்ல, முதல் பேட்ச் முடிஞ்சு நடுவுல வேற யாரோ செல் டிஷ்ஷோ விதையோ வெக்க தட்டைக் கழட்டி ஒரு காடி கீழ சொருகியிருந்தா கதை முடிஞ்சுது. டியூப்லேர்ந்து 30 செமீ இருந்தது 40 செமீ ஆச்சுன்னு வெச்சுக்கோ, தூரத்தோட வர்க்கத்துக்குத் தலைகீழா குறையும், அதாவது முப்பது வகுத்தல் நாப்பது, அதோட வர்க்கம், 0.56. உன் 8 கிரே வெறும் 4.5. அதுல பிளாக்-6 ஏன் சாகப்போகுது, ரெண்டு வாரம் சோர்ந்து கிடந்துட்டு எழுந்து ஓடும். காடி மாறலைனாலும் எலி டப்பாவுக்கு அடியில உமி, ஹோல்டர்னு உயரம் 2 செமீ மாறினாலே 12 சதவீதம் போச்சு. 8 கிரேங்கறது இந்த ரக எலிக்குப் பாதி சாகும் பாதி பிழைக்கும்ங்கற எல்லைக்குப் பக்கம், அந்த இடத்துல கிராஃப் மாடிப்படி மாதிரி செங்குத்து, டோஸ் பத்து சதவீதம் நகர்ந்தா சாவு கணக்கு எங்கயோ போயிடும். பால்ப்-சி ரகமா இருந்தா இன்னும் சீக்கிரம் சாகும், அதனால வேற ரகத்துல எவனோ பண்ண பேப்பரைப் பார்த்து நம்பர் எடுக்காத.

அடுத்தது ஃபில்டர். 160 கிலோவோல்ட்னு மெஷின் மேல எழுதியிருந்தா வர்ற கதிரோட ஆற்றல் எல்லாம் 160 கிலோ எலக்ட்ரான்வோல்ட்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க, கிடையாது, அது உச்சம் மட்டும்தான், சராசரி அதுல மூணுல ஒரு பங்கோ பாதியோ. நடுவுல செம்பு, அலுமினியம்னு தகடு போட்டாதான் கீழ கிடக்குற சொத்தைக் கதிர் வடிகட்டப்படும். 20 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கதிர் தண்ணில 9 மில்லிமீட்டர் போறதுக்குள்ள பாதியாயிடும், 60ஆ இருந்தா பாதியாக 3.4 செமீ ஆகும், உன் எலியோட தடிமனே ரெண்டு ரெண்டரை செமீதான், அப்போ ஃபில்டர் இல்லாம விட்டா தோலும் முடியும் வெந்துடும், உள்ள மஜ்ஜைக்கு வேற டோஸ், அந்தப் பக்கத்துக்கு இன்னொரு டோஸ். ஃபில்டர் தகடை எடுத்துட்டு திரும்ப வெக்க மறந்த லேப் நான் பார்த்ததுலயே ஒண்ணு ரெண்டு இல்ல. தகடு இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுக்குற மெஷின் இருக்கு, தெரியாத மெஷினும் இருக்கு, உன்னோடது எதுன்னு பாரு.

மூணாவது, ஓரம். டியூபுக்குள்ள கதிர் கிளம்புற டங்ஸ்டன் தகடுதான் ஆனோடு, அந்தப் பக்கம் கதிர் கம்மியா வரும், ஹீல் எஃபெக்ட்னு சொல்வாங்க, டங்ஸ்டன் தகடு சாய்வா இருக்குறதால அந்தப் பக்கம் கிளம்புற கதிர் தகட்டுக்குள்ளயே கொஞ்சம் மாட்டிக்கும். அதனால தட்டு நடுவுல 8ன்னா மூலையில 8 இருக்காது. எலிங்க என்ன பண்ணும், ஒரே டப்பாவுல அஞ்சு விட்டா மூலையில போய் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிப் படுத்துக்கும், கீழ இருக்குறதுக்கு மேல இருக்குறதே கவசம். கேக் துண்டு போட்ட மாதிரி தனித்தனி அறை இருக்குற ஹோல்டர் வாங்குங்க, தட்டு சுத்துதான்னு பாருங்க, முடிஞ்சா பாதி டோஸ் மேலேர்ந்து பாதி கீழேர்ந்து.

சரி அளக்குறது எப்படி. 50 மில்லி சென்ட்ரிஃப்யூஜ் டியூப் லேப்ல குப்பையா கிடக்கும்ல, அதுல தண்ணி ரொப்பினா விட்டம் கிட்டத்தட்ட எலி சைஸ், எக்ஸ்ரேக்கு தண்ணியும் சதையும் ஏறக்குறைய ஒண்ணுதான். எலி உக்கார்ற அதே ஹோல்டர்ல அதே எண்ணிக்கையில டியூபை வெச்சு, நடுவுல ரேடியோகுரோமிக் ஃபிலிம் துண்டு ஒண்ணு, மேல ஒண்ணு, அடியில ஒண்ணு. ஈபிடி வகை ஃபிலிம்தான் எல்லாரும் வாங்குறது, டெவலப்பர் ஒண்ணும் வேணாம், கதிர் பட்டா தானா நீலமாகும், ஒரு நாள் விட்டுட்டு ஃப்ளாட்பெட் ஸ்கேனர்ல போட்டுப் படிக்கணும், அவசரப்பட்டு பத்து நிமிஷத்துல ஸ்கேன் பண்ணா நிறம் இன்னும் ஏறிட்டே இருக்கும். ஆனா ஒண்ணு, எந்த நீலத்துக்கு எத்தனை கிரேன்னு ஃபிலிமுக்கே யாராவது சொல்லிக் குடுக்கணும், அதுக்கு காலிபரேட் பண்ண, அதாவது அளவு சரிபார்த்து வந்த, அயனி சேம்பர் வேணும். கேன்சர் ஆஸ்பத்திரில மெடிக்கல் ஃபிசிசிஸ்ட்னு ஒருத்தர் இருப்பார், அவர்கிட்ட போய் நில்லு, ஒரு சனிக்கிழமை வந்து அளந்து குடுக்கச் சொல்லு, பெரும்பாலும் முகம் சுளிக்க மாட்டாங்க, அவங்களுக்கும் போரடிக்குது. 40லேர்ந்து 300 கிலோவோல்ட் வரைக்கும் எப்படி அளக்கணும்னு அமெரிக்க மெடிக்கல் ஃபிசிசிஸ்ட் சங்கம் 2001ல ஒரு வழிமுறை போட்டுச்சு, டிஜி-61னு பேரு, தலைப்புலயே கதிர் உயிரியலுக்கும்னு இருக்கு, அதைக் காட்டினா அவருக்குப் புரிஞ்சுடும்.

உன் கைடுகிட்ட ஒண்ணு சொல்லு. எலிக்கு 8 கிரே குடுத்தோம்னு ஒரே வரியில எழுதி பேப்பர் போடுறாங்க பாரு, எனக்கு அது பத்திக்கிட்டு வரும். எத்தனை கிலோவோல்ட், எத்தனை மில்லிஆம்ப், என்ன ஃபில்டர், எவ்வளவு தூரம், நிமிஷத்துக்கு எவ்வளவு, எதை வெச்சு யார் எப்போ அளந்தாங்க, ஒண்ணும் இருக்காது. மருந்து ட்ரையல்ல கொஞ்சம் மாத்திரை குடுத்தோம்னு எழுதுவாங்களா? இதுக்காகவே 2011ல அமெரிக்காவுல அவங்க தர நிர்ணய நிறுவனமும் கேன்சர் இன்ஸ்டிட்யூட்டும் சேர்ந்து ஒரு கூட்டம் போட்டு உயிரியல் லேப்ல டோஸ் அளவை ஒழுங்கு பண்ணுங்கப்பான்னு அறிக்கை குடுத்தாங்க. அப்படியும் மாத்தி எழுதுறவங்க கம்மிதான்.

கேள்வி: எங்க அயனி சேம்பர் மும்பைல காலிபரேட் ஆகி வந்துச்சு. இங்க வெச்சு பார்த்தா கம்பெனிக்காரங்க சொன்ன டோஸ்ல 11, 12 சதவீதம் கம்மியா காட்டுது. சேம்பர் வழியில அடிபட்டுடுச்சா? – லேப் டெக்னீஷியன், ஹெப்பால்

இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் எனக்கு சிரிப்பு வந்துடுச்சு, உங்களைப் பார்த்து இல்ல, என்னை நெனைச்சு. சேம்பருக்கு ஒண்ணும் ஆகலை. ஊருக்குத்தான் ஆயிருக்கு. நம்ம பெங்களூர் கடல் மட்டத்துலேர்ந்து 900 மீட்டருக்கு மேல உக்காந்திருக்கு, இங்க தண்ணி 97 டிகிரிலயே கொதிச்சுடும், மெட்ராஸ்லேர்ந்து வந்த புதுசுல பருப்பு வேக லேட் ஆகுதுன்னு நம்ம வீட்டம்மாங்க சொல்வாங்கல்ல, அதே விஷயம்தான். சேம்பர்னா என்ன, ஒரு சின்ன கிண்ணம் நெறைய காத்து, கதிர் பட்டா காத்துல அயனி உண்டாகும், அந்த மின்னூட்டத்தை எண்ணுறோம். கிண்ணத்துல காத்தே கம்மின்னா அயனியும் கம்மி. காலிபரேஷன் சீட்டுல 101.3 கிலோபாஸ்கல், 20 டிகிரின்னு இருக்கும், இங்க அழுத்தம் 91 பக்கம்தான்.

கணக்கு இதோ. உங்க ரூம் 24 டிகிரி, அழுத்தம் 91.2ன்னா, வெப்பத்துக்கு 297.2 வகுத்தல் 293.2, அழுத்தத்துக்கு 101.3 வகுத்தல் 91.2, ரெண்டையும் பெருக்குனா 1.126. சேம்பர் 4.44ன்னு காட்டினா நெசமா 5.0. நீங்க சொல்ற 11, 12 சதவீதம் அப்படியே வந்துடுச்சு பாத்தீங்களா.

இப்போ இதுல ஒரு பெரிய பள்ளம் இருக்கு, விழாதீங்க. அழுத்தம் எவ்வளவுன்னு போன்ல வெதர் ஆப்ல பார்த்தா 1013, 1014ன்னு காட்டும், அதைப் போட்டா திருத்தமே வராது. ஏன்னா அவங்க எல்லா ஊரையும் கடல் மட்டத்துல இருக்குற மாதிரி மாத்திதான் சொல்வாங்க, அப்போதான் புயல் எங்கன்னு மேப்ல பார்க்க முடியும். உங்களுக்கு வேண்டியது உங்க ரூம்ல, உங்க மேசை மேல இருக்குற அழுத்தம், அதுக்கு ஒரு நல்ல பாரோமீட்டர் வாங்கணும், வேற வழி இல்ல. நான் வேலைல சேர்ந்த புதுசுல மும்பை ட்ராம்பேலேர்ந்து ஊட்டிக்கு ஒரு மெஷின் பார்க்கப் போனேன், பாரோமீட்டர் பெட்டியை ரயில்லயே விட்டுட்டேன், சரின்னு பேப்பர்ல வந்த வானிலை அறிக்கைல இருந்த அழுத்தத்தைப் போட்டு ரிப்போர்ட் எழுதிட்டேன். ஊட்டில கால்வாசிக்குப் பக்கமா காத்தே கிடையாது. என் மேலதிகாரி அந்த ரிப்போர்ட்டை ஒரே ஒரு நிமிஷம் பார்த்துட்டு, ஊட்டி எப்போப்பா மெரினாவுக்குப் பக்கத்துல வந்துச்சுன்னு கேட்டார். முப்பது வருஷம் ஆச்சு, இன்னும் காதுல கேக்குது.

இன்னொண்ணு, இது அதை விட முக்கியம், ஜக்கூர் தம்பியும் படிக்கணும். கேபினட்டுக்குள்ள இருக்குற மானிட்டர் சேம்பர் காத்து போய் வர்ற திறந்த வகைன்னா, அதுக்கும் இதே வியாதிதான். கடல் மட்டத்துக்கு செட் பண்ணி அனுப்பியிருப்பாங்க, இங்க வந்து அது கம்மியா எண்ணும், இன்னும் 8 ஆகலை இன்னும் 8 ஆகலைன்னு கதிரை விட்டுக்கிட்டே இருக்கும், ஸ்கிரீன்ல 8.00 வர்றப்போ எலிக்குள்ள 9 கிட்ட போயிருக்கும். சீல் பண்ண சேம்பர்னா இந்தப் பிரச்சினை இல்ல, அப்போ திருத்தமும் போடக்கூடாது, போட்டா அது வேற தப்பு. எந்த வகைன்னு கம்பெனிக்காரனை எழுத்துல கேட்டு வாங்குங்க, வாய்ல சொல்றதை நம்பாதீங்க.

கேள்வி: அண்ணா, எம் பொண்ணு லேப்ல எலிக்கு எக்ஸ்ரே குடுக்குற வேலை பாக்குறா. வீட்ல கல்யாணப் பேச்சு நடக்குது. அந்தக் கதிர் உடம்புல தங்குமா, நாளைக்கு குழந்தைக்கு ஏதாவது ஆகுமா? எங்களுக்கு சொந்த ஊர் குளச்சல் பக்கம். – ஒரு அம்மா, அல்சூர்

தங்காதும்மா. எக்ஸ்ரே மெஷின் டியூப்லைட் மாதிரி, சுவிட்சை அணைச்சா வெளிச்சம் ரூம்ல தங்குமா? எலி உடம்புலயும் தங்காது, அதைத் தூக்குற உங்க பொண்ணு கையிலயும் ஒட்டாது. கேபினட்ங்கறது ஈயம் வெச்ச இரும்புப் பெட்டி, கதவு திறந்தா கதிர் கட் ஆயிடும், இன்டர்லாக்னு சொல்வாங்க. உங்க பொண்ணு சட்டைல ஒரு சின்ன பேட்ஜ் குத்தியிருப்பா, மூணு மாசத்துக்கு ஒரு தடவை அது போய் அளந்து ரிப்போர்ட் வரும், அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்க, வேலை பாக்குறவங்களுக்கு நம்ம நாட்டு வரம்பு வருஷத்துக்கு சராசரி 20 மில்லிசீவர்ட் (மனுஷ உடம்புக்கு ஆகுற பாதிப்பை வெச்சு டோஸைச் சொல்ற அலகு), எந்த ஒரு வருஷத்துலயும் 30 தாண்டக்கூடாது, ஒழுங்கா நடக்குற கேபினட் லேப்ல அதெல்லாம் பக்கத்துலயே வராது. குழந்தை உண்டானா உடனே லேப் பாதுகாப்பு அதிகாரிகிட்ட சொல்லிடணும், அப்புறம் பிரசவம் வரைக்கும் வயித்துக் குழந்தைக்கு 1 மில்லிசீவர்ட் தாண்டாம பாத்துக்கணும்னு விதி இருக்கு, கூச்சப்பட்டு மறைக்க வேணாம்னு அவகிட்ட இப்பவே சொல்லி வைங்க.

குளச்சல்னு எழுதியிருக்கீங்க, அதனால இதையும் சொல்லிடுறேன். உங்க ஊருக்குப் பக்கத்துல மணவாளக்குறிச்சி மணல்ல மோனசைட் இருக்கு, அதுல தோரியம். மத்த ஊர்ல சும்மா இருக்குற மனுஷனுக்கே வருஷத்துக்கு சராசரி 2.4 மில்லிசீவர்ட் இயற்கையா வருது, அந்தக் கடலோரத்துல சில இடத்துல அதை விட அதிகம். அங்கயும் தலைமுறை தலைமுறையா புள்ளை குட்டியோட இருந்துட்டுத்தான் இருக்கோம். மாப்பிள்ளை வீட்ல கேட்டா தைரியமா பொண்ணு சயின்டிஸ்ட்னு சொல்லுங்க.

கேள்வி: 1 கிரேன்னா எவ்வளவு? ஒரு உதாரணம் சொல்லுங்க அங்கிள். – ஒன்பதாம் வகுப்பு மாணவன், சிவாஜிநகர்

ஒரு கிலோ எடைக்குள்ள ஒரு ஜூல் ஆற்றல் போய் உக்காந்தா 1 கிரே. இப்போ கணக்குப் போடு. ஒரு பெரிய ஆள், 70 கிலோ, உடம்பு முழுக்க 4 கிரே, மொத்தம் 280 ஜூல். உடம்புச் சூடு எவ்வளவு ஏறும் தெரியுமா, ஒரு டிகிரில ஆயிரத்துல ஒரு பங்கு. அரை ஸ்பூன் சூடான டீ குடிச்சா அதே 280 ஜூல் உள்ள போகுது. ஆனா டீ குடிச்சவன் ஏப்பம் விட்டுட்டுப் போவான், 4 கிரே வாங்கினவன் வைத்தியம் இல்லைனா பிழைக்கிறது பாதிக்குப் பாதிதான்.

ஏன்னு யோசிச்சியா? டீயோட சூடு எல்லா அணுவுக்கும் கொஞ்சம் கொஞ்சம் பிரிஞ்சு போகுது. எக்ஸ்ரே அப்படி இல்ல, சில இடத்துல மட்டும் சுத்தியல் மாதிரி அடிக்குது. 1 கிரே பட்ட ஒரு செல்லுல டிஎன்ஏ ஏணியோட ஒரு பக்கக் கம்பு கிட்டத்தட்ட ஆயிரம் இடத்துல உடையும், அதைச் செல் ஒட்டிடும். ரெண்டு பக்கமும் சேர்ந்து உடையறது 20லேர்ந்து 40 இடத்துல, அதுதான் ஆளைக் கொல்றது. இப்போ புரியுதா டோஸ் அளக்குறது ஏன் கஷ்டம்னு, தெர்மாமீட்டர்ல தெரியாத அளவு ஆற்றலை அளக்கணும். பெரிய தர நிர்ணய லேப்ல தண்ணியை வெச்சு அந்த ஆயிரத்துல ஒரு பங்கு டிகிரியவே அளக்குறாங்க, மத்தவங்கல்லாம் காத்து, ஃபிலிம், உப்புன்னு சுத்தி வளைச்சுதான் அளக்கணும்.

கிரேங்கறது ஒரு ஆள் பேரு, லூயிஸ் ஹெரால்ட் கிரேன்னு இங்கிலாந்து விஞ்ஞானி. 1895ல ரான்ட்ஜன் எக்ஸ்ரேய கண்டுபிடிச்ச காலத்துல அளவே கிடையாது, தோல் எவ்வளவு சிவக்குதோ அதுதான் டோஸ், டாக்டருங்க தன் கையிலயே சோதிச்சுப் பார்த்து விரல் போனவங்க நெறைய. 1904 வாக்குல பச்சைலேர்ந்து பழுப்பா மாறுற ஒரு வில்லை வந்துச்சு, நெறத்தைப் பார்த்து குத்துமதிப்பா சொல்வாங்க. உலகம் முழுக்க ஒத்துக்கிட்ட முதல் அலகு, ரான்ட்ஜன், 1928ல ஸ்டாக்ஹோம்ல தான் வந்துச்சு. எக்ஸ்ரே பட்டா பழ ஈயோட மரபணு மாறுதுன்னு முல்லர் உலகத்துக்கு சொன்னது 1927, அலகு வர்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடி! அளக்குறதுக்கு முன்னாடியே உயிரியல்காரங்க ஓடிட்டாங்க, இன்னிக்கும் அந்தப் பழக்கம் போகலை.

கேள்வி: மெட்ரோ ஸ்டேஷன் ஸ்கேனர்ல டிஃபன் பாக்ஸ் போகுது, இட்லி சாப்பிடலாமா? – யெஷ்வந்த்பூர்

சாப்பிடுங்க. பைக்குப் போறது ஒரு கிரேல லட்சத்துல ஒரு பங்கு, பல நேரம் அதை விடவும் கம்மி. சட்னிதான் புளிச்சுடும், அது வெயில்ல.

கேள்வி: எங்க பழைய சீசியம் மெஷினை எடுத்துட்டு எக்ஸ்ரே கேபினட் போட்டாங்க. கிரே ஒண்ணுதானே, ஆனா அதே டோஸுக்கு எலி அதிகமா பாதிக்குது. பழைய டேட்டா எல்லாம் வீணா? – போஸ்ட்டாக், இந்திராநகர்

வீணில்ல, ஆனா அப்படியே தூக்கி ஒட்டவும் முடியாது. சீசியம்-137 காமா 662 கிலோ எலக்ட்ரான்வோல்ட், அது எலும்பையும் சதையையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி பார்க்கும். உங்க எக்ஸ்ரே அதுல பத்துல ஒரு பங்கு ஆற்றல், அந்த ரேஞ்சுல கால்சியம் மாதிரி கனமான அணு கதிரைப் பிடிச்சு முழுங்கும், அணு எண்ணோட மும்மடிக்குப் பக்கமா ஏறும். அதனால தண்ணில 8 கிரேன்னு அளந்தா எலும்புல பல மடங்கு, எலும்புக்குள்ள ஒட்டிக்கிட்டு இருக்குற மஜ்ஜைக்கும் அங்கேர்ந்து தெறிக்கிற எலக்ட்ரான் கொஞ்சம் கூடுதலா விழும். மஜ்ஜையை அழிக்கிற பரிசோதனைன்னா நேரா அங்கதான் அடி. இது போக, கிரே சமமா இருந்தாலே எக்ஸ்ரே கொஞ்சம் காரம் ஜாஸ்தி, கதிர் உயிரியல்ல 250 கிலோவோல்ட் எக்ஸ்ரேய 1ன்னு வெச்சா கோபால்ட் காமா 0.85 பக்கம் வரும். செல் வளர்க்குறவங்களும் கவனிங்க, கண்ணாடி மேல ஒட்டி வளர்ற செல்லுக்கு கண்ணாடிலேர்ந்து தெறிக்கிற எலக்ட்ரானால கூடுதல் டோஸ், பிளாஸ்டிக் டிஷ்ஷுல அது இல்ல.

நல்ல ஃபில்டர் போடுங்க, வெள்ளீயம் செம்பு அலுமினியம் மூணும் அடுக்கின தொராயஸ் ஃபில்டர் இருந்தா ரொம்ப நல்லது, டோஸ் ரேட் இறங்கும், நேரம் ஆகும், பொறுத்துக்கணும். அப்புறம் 6, 7, 8, 9னு ஒரு சின்ன டோஸ் வரிசை புதுசா போட்டுப் பார்த்து உங்க பழைய கிராஃபோட எங்க பொருந்துதுன்னு பாருங்க. பழைய டேட்டாவையும் ஒரு தடவை சந்தேகமா பாருங்க, சீசியம் வருஷத்துக்கு 2.3 சதவீதம் தேயும், அரை ஆயுள் 30 வருஷம், மெஷின் மேல ஒட்டியிருந்த டோஸ் ரேட் சீட்டு எந்த வருஷத்து சீட்டு? அஞ்சு வருஷமா மாத்தலைனா அங்கயே 11 சதவீதம்.

மெஷினை ஏன் எடுத்தாங்கன்னு முணுமுணுக்காதீங்க. 1987ல பிரேசில் கோயானியாவுல கைவிட்ட ஆஸ்பத்திரி சீசியம் மெஷினை உடைச்சு நாலு பேர் செத்தாங்க. அதை விடுங்க, நம்ம டெல்லி மாயாபுரில 2010ல என்ன ஆச்சு, பல்கலைக்கழகத்துல வருஷக்கணக்கா சும்மா கிடந்த காமா மெஷினை காயலான் கடைக்கு ஏலம் விட்டுட்டாங்க, உள்ள கோபால்ட்-60, உடைச்ச இடத்துல வேலை பார்த்த ஒரு ஆள் போய்ச் சேர்ந்தார், பல பேர் ஆஸ்பத்திரில. எக்ஸ்ரே கேபினட்டை எடைக்குப் போட்டா வெறும் இரும்பும் ஈயமும்தான். எனக்கு இந்த விஷயத்துல ரெண்டாவது அபிப்பிராயம் கிடையாது, அளக்குற தலைவலி கூடுனாலும் எக்ஸ்ரேதான்.

கேள்வி: எங்க அட்டெண்டர் பேட்ஜ் இந்த மூணு மாசத்துல 14 மில்லிசீவர்ட் காட்டுது. எலி கேபினட்டுக்குள்ள பேட்ஜை விட்டுட்டார்னு நெனைக்கிறோம், அப்படியே எழுதிக் குடுத்துடலாமா? – மல்லேஸ்வரம்

எழுதாதீங்க, நம்பர் பொருந்தலை. எலிக்கு 8 கிரே போன பெட்டிக்குள்ள பேட்ஜ் இருந்திருந்தா ஆயிரக்கணக்குல காட்டியிருக்கும், 14 இல்ல. நம்ம ஊர் பேட்ஜ்ல டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட் வில்லை மூணு இருக்கும், ஒண்ணு திறந்தபடி, மத்தது ஃபில்டருக்கு அடியில. இந்த வில்லை குறைஞ்ச ஆற்றல் எக்ஸ்ரேய ரொம்ப மிகைப்படுத்திக் காட்டும், அதனாலதான் மூணையும் ஒப்பிட்டு எந்த மாதிரிக் கதிர்னு கண்டுபிடிச்சுத் திருத்துவாங்க. அந்த மூணு வில்லை விவரத்தை அளந்த லேப்ல கேளுங்க.

அவர்கிட்ட கேக்க வேண்டிய கேள்வி வேற. இந்த மூணு மாசத்துல வயிறு வலின்னோ கல்லுன்னோ சிடி ஸ்கேன் எடுத்தாரா, அப்போ சட்டையோட பேட்ஜும் இருந்துச்சா? வயித்து சிடி ஒண்ணே கிட்டத்தட்ட 10 மில்லிசீவர்ட், நான் பார்த்த இந்த மாதிரி கேஸ்ல பாதிக்கு இதுதான் காரணம், வேலைக்கார மனுஷன் ஆஸ்பத்திரிக்கும் ஐடி கார்டோடதான் போவார். சொந்த வைத்தியத்துக்கு எடுத்தது வேலைக் கணக்குல சேராது. இல்லைன்னு அடிச்சு சொன்னா கேபினட் கதவு இன்டர்லாக்கைப் பரிசோதிங்க, கதிர் கசியுதான்னு காட்டுற சர்வே மீட்டரோட சுத்தி வாங்க. உண்மையா பெரிய டோஸா இருக்குமோன்னு பயம் வந்தா ரத்தம் எடுத்து டைசென்ட்ரிக், அதாவது கதிர் பட்டு உடைஞ்சு தப்பா ஒட்டிக்கிட்ட குரோமோசோம், எத்தனைன்னு எண்ணிப் பார்ப்பாங்க, ஆனா அதுக்கு 100 மில்லிகிரே அளவாவது பட்டிருக்கணும், 14ஐ அது பிடிக்காது. எதுவா இருந்தாலும் பழியை அவர் மேல போட்டு ஃபைலை மூடாதீங்க, பாவம், கையெழுத்து போடச் சொன்னா போட்டுடுவார்.

கேள்வி: போன மாசப் பதில்ல 1 ரான்ட்ஜன்னா 1 கிரேன்னு அச்சாகியிருக்கே? – ரிட்டயர்ட் ரேடியாலஜி டெக்னீஷியன், ஃப்ரேசர் டவுன்

என் தப்புதான், அச்சுக்காரர் மேல போட மாட்டேன். 1 ரான்ட்ஜன் சதைல சுமாரா 0.01 கிரே, ராடுங்கற பழைய அலகுல 1 ராடுக்குப் பக்கம், நான் ராடுன்னு எழுத வேண்டிய இடத்துல கிரேன்னு எழுதிட்டேன். நூறு மடங்கு. ஜக்கூர் தம்பி, உன் கைடுகிட்ட இதையும் காட்டு, கொஞ்சம் சாந்தமாவார்.